கணினியோடு சேர்ந்து எழும் மால்வேர்: விதியை எதன்மேல் எழுதுவது?

காரைக்குடி வட்டாரத்தில் கணினி பராமரிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதுவயலில் சில அரிசி ஆலைகளின் கணக்கு அறை, காரைக்குடியில் நகைக்கடை, கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கிய இடத்தின் வரவேற்பு மேசை, தேவகோட்டையில் பள்ளி அலுவலகம், பஸ் நிலையத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை என்று சிதறிக் கிடக்கும் சில டஜன் கணினிகள் அவர் பொறுப்பு. இரவும் பகலும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாதுகாப்புக் குழு எங்கும் கிடையாது. ஆன்டிவைரஸ் இருக்கிறது; சில இடங்களில் காலாவதியாகவும் இருக்கிறது. இந்த நிலையில், விண்டோஸ் தொடங்கும்போதே தானும் ஓடத் தொடங்கும் மால்வேரை, அதாவது கெடுதல் செய்யும் நிரலை, பிடிக்கச் சொந்தமாகக் கண்டறிவு விதிகள் எழுத வேண்டும் என்றால் மூன்று வழிகள் உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து எழுதலாம். கணினியில் நடப்பவை பதியும் நிகழ்வுப் பதிவைப் பார்த்து எழுதலாம். தொடக்கத்தில் ஓடுபவற்றின் பட்டியலை எடுத்துவைத்து, மாறினால் கேள்வி கேட்கலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவுக்குப் பட்டியல் முதலில், நிகழ்வு விதி அடுத்து, கோப்பு விதி கடைசியில். ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள வங்கிக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே எந்தக் கணினியில் எது இருக்க வேண்டும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. இங்கே தெரியும், இங்குள்ளவருக்கு இருக்கும் ஒரே வசதியும் அதுதான்.

தொடக்கம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பின்னணியில் ஓடும் சர்வீஸ்களும் டிரைவர்களும் விண்டோஸ் எழும்போதே எழுகின்றன. அவற்றை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் கீயில் எழுதப்பட்டவையும் ஸ்டார்ட்டப் கோப்புறையில் கிடப்பவையும் பயனர் உள்நுழைந்த பிறகே ஓடும். பயனரின் சொந்த ரன் கீயில் எழுத நிர்வாகி உரிமை தேவையில்லை. சாதாரணத் திருட்டு நிரல்களுக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம். தாக்குதல் உத்திகளைத் தொகுத்துவைத்திருக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் இந்த உத்திக்கு டி1547.001 என்று எண். இவற்றைத் தவிர குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், உள்நுழைவைக் கவனிக்கும் வின்லாகனின் மதிப்புகள், ஏதாவது நடந்தால் நிரலை ஓட்டச் சொல்லிவைக்கும் டபிள்யூ.எம்.ஐ. சந்தா என்று நீளும் வேறு வாசல்களும் உண்டு. விண்டோஸுக்கும் முன்பே எழும் வகை தனி. 1986இல் பிளாப்பியின் பூட் செக்டரில் உட்கார்ந்த பிரெயின் முதல் 2018இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ், 2023இல் ஆராயப்பட்ட பிளாக்லோட்டஸ் வரை அந்த வரிசை வருகிறது. அதற்கு இங்கே பேசும் மூன்று வழிகளும் போதாது. நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல் கணினியை எழுப்பாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை இயக்கி, பயாஸையும் விண்டோஸையும் புதுப்பித்து வைப்பதோடு நம் ஊர் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கோப்பைப் பார்த்து எழுதும் விதி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும், கோப்புக்குள் குறிப்பிட்ட சொற்றொடர்களைத் தேடும் யாரா விதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கெட்ட கோப்பு ஒன்று கையில் கிடைக்கிறது. உள்ளே சில சொற்றொடர்கள் கண்ணில் படுகின்றன. அவற்றை விதியாக்கினால் கோப்பு உடனே மாட்டுகிறது. மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டியது அந்தக் கோப்பு மட்டும்தான். அதே நிரலை வேறொரு பொதியில் சுருக்கி அனுப்பினால் உள்ளே இருந்த சொற்றொடர்கள் வெளியில் தெரியாது.

தொடக்கத்தில் ஓடும் மால்வேரைப் பிடிக்கிறேன் என்று ரன் கீயின் பாதையையே தேடும் விதியைச் சிலர் எழுதுகிறார்கள். அது பிரிண்டர் மென்பொருளிலும் பொருந்தும், அரட்டைச் செயலியிலும் பொருந்தும், எண்ணற்ற நிறுவல் கோப்புகளிலும் பொருந்தும். பாதை தெரிந்திருப்பது குற்றமல்லவே. எதிர்ப்பக்கத்தில், 2014இல் பேசப்பட்ட பவலிக்ஸ் போன்ற மால்வேர்கள் தம் நிரலை ரெஜிஸ்ட்ரி மதிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டன. தேடுவதற்கு வட்டில் கோப்பே இல்லை.

இதனால் யாரா வீண் என்று சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடையில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. பென்டிரைவில் உள்ள கோப்புறைகளையெல்லாம் மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிட்டுப் போகும் வைரஸை இந்தப் பக்கம் பார்க்காதவர் இல்லை. அதில் பெரும்பாலானவை விண்டோஸ் ஸ்கிரிப்ட் கோப்புகள். ஸ்டார்ட்டப் கோப்புறையில் ஒரு நகலை வைத்துவிட்டு, அடுத்து செருகப்படும் பென்டிரைவுக்காகக் காத்திருக்கும். உரைக்கோப்பு என்பதால் உள்ளே இருப்பதை எளிதாகப் படிக்கலாம். ஸ்டார்ட்டப் கோப்புறையைக் கேட்கும் வரி, டிரைவ் வகையைச் சோதிக்கும் வரி, ஷார்ட்கட் உருவாக்கும் வரி, கோப்பை மறைக்கும் வரி ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், கோப்பின் அளவும் சிறியதாக இருக்க வேண்டும் என்று எழுதினால் ஒரு குடும்பத்தையே வளைக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும், ஒற்றை பைட், இரட்டை பைட் இரண்டு வடிவிலும் தேடு என்றும் சேர்த்துவிடுங்கள். எழுத்துகளை எண்களாக மாற்றி ஒளித்த வகை இதிலும் தப்பும். தப்பட்டும், ஒரே வைரஸ் ஊரைச் சுற்றிச்சுற்றி வரும் இடத்தில் பழையதைப் பிடிப்பதும் லாபமே.

நிகழ்வைப் பார்த்து எழுதும் விதி

மால்வேர் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் காலையும் எழ வேண்டுமென்றால் எங்காவது ஓர் இடத்தில் தன்னைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செயலைப் பிடிப்பது கோப்பைப் பிடிப்பதைவிட நீண்ட காலம் நிற்கும். இதற்கான கருவிகள் இலவசம். கணினியில் நடப்பவற்றை நிகழ்வுப் பதிவில் எழுதிவைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்மான் 2014இலிருந்து கிடைக்கிறது. ரெஜிஸ்ட்ரி மதிப்பு எழுதப்பட்டால் நிகழ்வு எண் 13, கோப்பு உருவானால் 11, டபிள்யூ.எம்.ஐ. சந்தா என்றால் 19 முதல் 21 வரை. விதியை எழுதும் மொழிக்கு சிக்மா இருக்கிறது. 2017இல் புளோரியன் ராத்தும் தாமஸ் பட்ஸ்கேவும் தொடங்கிய இந்த வடிவத்தில் எழுதிவைத்தால் பல கருவிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விதி பொதுவாக இப்படி அமையும்: எழுதப்பட்ட இடம் ரன் கீ, எழுதப்பட்ட மதிப்பு ஆப்டேட்டா, டெம்ப், பப்ளிக் போன்ற, பயனர் எழுதக்கூடிய இடத்தைச் சுட்டுகிறது, அல்லது பிற நிரலை ஓட்ட விண்டோஸோடு வரும் டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ, பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 ஆகியவற்றில் ஒன்றை அழைக்கிறது. படிக்க எளிதாக இருக்கிறது. எழுதும்போதுதான் குழிகள் தெரியும். பயனரின் ரன் கீயை நாம் ஹெச்.கே.சி.யூ. என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். சிஸ்மான் அதை அப்படிப் பதிவதில்லை, ஹெச்.கே.யூ. என்று தொடங்கி, பயனரின் நீண்ட அடையாள எண்ணைச் சேர்த்துப் பதிகிறது. ஹெச்.கே.சி.யூ. என்று தொடங்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதி ஆயுள் முழுக்க மௌனமாக இருக்கும். மௌனமான விதியைப் பார்த்து, வைரஸே இல்லை என்று நிம்மதியடையும் ஆபத்தும் உண்டு. தொடக்கத்தை விட்டுவிட்டு, பாதையின் நடுப்பகுதி இருக்கிறதா என்று தேடுவதே சரி. அப்படித் தேடினால் 32 பிட் நிரல்கள் எழுதும் வாவ்6432நோட் பாதையும் தானாக அடங்கிவிடும்.

அடுத்த தலைவலி விலக்குகள். ஒன்டிரைவ் பல கணினிகளில் ஆப்டேட்டாவிலிருந்துதான் ஓடுகிறது; ரன் கீயிலும் இருக்கிறது. விதி அதைப் பிடிக்கும். உடனே, பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் இருந்தால் விட்டுவிடு என்று எழுதத் தோன்றும். அதே பெயரில் கோப்புறை வைத்துக்கொண்டு நுழைவது யாருக்கும் கடினமல்ல. எழுதிய நிரல் எது, எழுதப்பட்ட முழுப் பாதை எது என்ற இரண்டையும் சேர்த்தே விலக்கு எழுத வேண்டும். விலக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. இது சலிப்பூட்டும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிஸ்மான் நிறுவாத கணினியிலும் கொஞ்சம் செய்யலாம். புதிய சர்வீஸ் நிறுவப்பட்டால் சிஸ்டம் பதிவில் 7045 தானாகவே விழும். இதற்கு எந்த அமைப்பும் வேண்டாம். புதிய டாஸ்க் உருவானால் செக்யூரிட்டி பதிவில் வர வேண்டியது 4698. அது தணிக்கைக் கொள்கையில் உரிய பிரிவை இயக்கினால்தான் வரும். இயக்காமல் விட்டுவிட்டு விதி எழுதியிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

இந்த வழியின் பெரிய பலம், கண நேரத்தில் வந்துபோவதையும் பிடிப்பது. டிரைடெக்ஸ் என்ற வங்கித் திருட்டு மால்வேரின் சில வகைகள் கணினி அணைக்கப்படும்போது ரன் கீயில் எழுதிவிட்டு, மறுபடி எழுந்ததும் அழித்துவிடும். நாம் நடுவில் பட்டியல் எடுத்துப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. 2022இல் மைக்ரோசாஃப்ட் விவரித்த டாராஸ்க் என்ற மால்வேர் தன் டாஸ்க்கின் பாதுகாப்பு மதிப்பை ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கி, வழக்கமான பட்டியலில் தெரியாமல் செய்துகொண்டது. இப்படிப்பட்டவற்றுக்கு நிகழ்வு விதியே துணை.

பலவீனமும் சின்னதல்ல. சிஸ்மான் நிறுவுவதற்கு முன்பே குடியேறியதை அது சொல்லாது. சிஸ்மான் எச்சரிக்கையும் தராது, எழுதி வைப்பதோடு சரி; யாராவது படிக்க வேண்டும். சிஸ்டம் பதிவின் இயல்பான அளவு 20 எம்.பி.; நிறைந்தால் பழையது போய்விடும். சேகரிக்க சர்வர் இல்லாதவர்கள் பதிவுக் கோப்புகளை நகலெடுத்து வந்து ஹயாபுசா அல்லது செயின்சாவில் ஓட்டலாம். இரண்டும் சிக்மா விதிகளைப் பழைய பதிவுகள்மீது ஓட்டிப் பார்க்கும் இலவசக் கருவிகள். ஊர் ஊராகச் சுற்றிப் பராமரிப்பவருக்கு இதுவே பொருத்தம். பதிவைச் சேமிக்க வேறொரு காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கம்பெனியாகப் பதிவான ஹோட்டலுக்கு இது வெறும் ஆலோசனை இல்லை.

பட்டியலை வைத்து எழுதும் விதி

மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ், தொடக்கத்தில் ஓடக்கூடிய ஏறக்குறைய எல்லா இடங்களையும் ஒரே திரையில் காட்டும். அதன் கட்டளை வரி வடிவம் அதே பட்டியலைக் கோப்பாகவும் தரும். எல்லாப் பயனர்களுக்கும் எடுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சோதனையையும், கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாள எண்ணான ஹாஷையும் சேர்த்து எடுங்கள். சுத்தமான நாளில் ஒன்று, அதன்பின் போகும்போதெல்லாம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் விதி. புதிதாக ஒரு வரி வந்திருந்தால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

நகரத்தார் கடைகளின் பழைய கணக்கு முறையோடு வைத்துப் பார்த்தால் நிகழ்வுப் பதிவு, அன்றாட வரவுசெலவை எழுதும் சிட்டை. இந்தப் பட்டியல், மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை. சிட்டையை வரிவரியாகப் படிக்க ஆள் இல்லாத கடை, ஐந்தொகையையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும்.

நம் ஊருக்குப் பட்டியல் ஏன் பொருத்தம் என்றால், இங்கே தொடக்கத்தில் ஓடுபவை வெளிநாட்டில் எழுதப்பட்ட விதிகளுக்குப் புரியாதவை. அரிசி ஆலையின் எடைமேடைக் கணினியைப் பாருங்கள். லாரி எடையை சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கும் சின்ன நிரலை உள்ளூர்க்காரர் யாரோ என்றோ எழுதிக்கொடுத்திருப்பார். டிஜிட்டல் கையொப்பம் கிடையாது. சி டிரைவில் நேரடியாகக் கிடக்கும். ஷார்ட்கட் ஸ்டார்ட்டப் கோப்புறையில் இருக்கும். மால்வேருக்குச் சொல்லப்படும் அடையாளங்களில் பாதி அதற்கு இருக்கிறது. கணக்கு அறையில் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் துணை நிரல், நகைக்கடையில் லேபிள் பிரிண்டர், சிசிடிவி பார்க்கும் நிரல். எல்லாவற்றையும் விடச் சுவையானது தமிழ்த் தட்டச்சு. அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றைக் கணினியோடு சேர்ந்தே எழும்படி பலர் அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு விசையையும் பிடித்துத் தமிழாக்குவதுதான் அவற்றின் தொழில். விசைகளைப் பிடிக்கிறது, தொடக்கத்திலேயே ஓடுகிறது என்று மட்டும் பார்க்கும் விதி இவற்றை, விசைகளைத் திருடும் கீலாகர் என்று கூசாமல் சொல்லும். கணக்குப்பிள்ளை வந்து, “தம்பி, நேற்று வரை தமிழில் அடித்தேன், இன்று வரவில்லையே” என்று நிற்பார். பட்டியல் முறையில் இந்தச் சிக்கலே எழாது. அவை முதல் நாளே பட்டியலில் இருக்கின்றன.

பட்டியலைக் கணினிக்குக் கணினி தனியாக வைப்பதைவிட வேலைக்கு ஒன்றாக வைப்பது நல்லது: கணக்கு அறைக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று, வரவேற்பு மேசைக்கு ஒன்று. எடைமேடைக் கணினியில் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் புதிதாக வந்திருந்தால், அதில் முறையான கையொப்பம் இருந்தாலும் கேள்வி எழ வேண்டும். எந்தப் பொது விதியும் அந்தக் கேள்வியை எழுப்பாது.

எதை ஒப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பெயரை மட்டும் ஒப்பிட்டால், அதே பெயரில் மாற்றிவைத்த கோப்பு தப்பிவிடும். எல்லாவற்றுக்கும் ஹாஷை ஒப்பிட்டால் பிரவுசர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் எச்சரிக்கை வந்து, சில வாரங்களில் யாரும் பார்க்காத பட்டியலாகிவிடும். கையொப்பம் உள்ளவற்றுக்கு வெளியீட்டாளர் பெயரும் பாதையும், கையொப்பம் இல்லாதவற்றுக்கு ஹாஷ் என்று பிரித்துக்கொண்டால் இரைச்சல் குறையும். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டவற்றை மறைக்கும் வசதியைத் திரையில் பார்க்கும்போது பயன்படுத்தலாம். சேமிக்கும் பட்டியலில் வேண்டாம். மால்வேர் கடன் வாங்கும் டபிள்யூஸ்கிரிப்ட்டும் பவர்ஷெல்லும் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் உள்ளவைதாம்.

குறைகளும் இருக்கின்றன. முதல் நாளே கணினி கெட்டிருந்தால் வைரஸும் நல்லவர் பட்டியலில் சேர்ந்துவிடும். முதல் பட்டியலை வரிவரியாகப் படித்தே தீர வேண்டும். அதில் குறுக்கு வழி இல்லை. பட்டியலில் இருக்கும் நல்ல நிரலுக்குப் பக்கத்தில் அது ஏற்றிக்கொள்ளும்படி ஒரு கெட்ட டிஎல்எல் துணைக் கோப்பை வைத்து ஏமாற்றினால் பட்டியல் அப்படியே இருக்கும். இரண்டு வருகைகளுக்கு நடுவில் நடப்பதும் தெரியாது. ஆலைக்கு இந்த இடைவெளி பொறுக்கலாம். கானாடுகாத்தான் வரவேற்பு மேசைக்கு என்னால் பொறுக்க முடியாது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால் பாஸ்போர்ட் நகல்கள் அந்தக் கணினியில்தான் சேர்கின்றன. அறை கேட்டு வரும் மின்னஞ்சலின் இணைப்பைத் திறப்பது அங்கே இருப்பவரின் அன்றாட வேலை. ஹோட்டல் வரவேற்பு மேசைகளையே குறிவைத்து, முன்பதிவு மின்னஞ்சல் வேடத்தில், கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் என்ஜேராட் போன்றவற்றை அனுப்பிய கும்பலைப் பற்றிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2019இல் விரிவாக எழுதியது. அந்த ஒரு கணினிக்காவது சிஸ்மானும் நிகழ்வு விதியும் வேண்டும்.

வாசு, ஓஎஸ்குவெரி போன்ற கண்காணிப்புக் கருவிகள் பட்டியலையும் நிகழ்வையும் சேர்த்துச் சர்வரில் கொட்டும். வாசு இயல்பாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியையும் சோதிக்கும். ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்படும் அதன் ஏஜென்ட் தொடங்கும்போதும் ஒரு முறை. காலையில் திறந்து இரவில் அணைக்கும் கடைக்கு அந்தக் காலைச் சோதனையே போதுமான அளவு உதவும். ஆனால் சர்வரைப் பராமரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரும் நீங்களே என்றால், முதலில் பட்டியலைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். ஒரே நிர்வாகத்தின் கீழ் நாலைந்து ஹோட்டல்கள் இருந்தால் நான் தயங்காமல் வாசுவைச் சொல்வேன்.

எனவே தேர்வு இடத்தைப் பொறுத்துப் பிரிகிறது. ஆலை, பள்ளி: பட்டியல், கூடவே 7045. நகைக்கடை, ஹோட்டல்: பட்டியல், சிஸ்மான், ரன் கீக்கும் ஸ்டார்ட்டப் கோப்புறைக்கும் டாஸ்க்குக்கும் எழுதிய சில சிக்மா விதிகள். ஜெராக்ஸ் கடை: இவற்றோடு பென்டிரைவுக்கான யாரா.

எதை எழுதினாலும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். ரன் கீயில் டபிள்யூஸ்கிரிப்ட் மூலம் ஒரு வெற்று ஸ்கிரிப்டை அழைக்கும் மதிப்பை நீங்களே எழுதுங்கள். எழுதிய கணமே 13 விழுந்து விதி கூவ வேண்டும்; பட்டியலிலும் அது புதிய வரியாக வர வேண்டும். சர்வீஸ், டாஸ்க் வகைகளைச் சோதிக்கும்போது ஷட்டவுன் செய்து மீண்டும் இயக்கினால் ஏமாந்துபோவீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் முழுமையானது அல்ல. விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் உறக்கத்திலிருந்து எழுகிறது, தொடக்கத்தில் ஓட வேண்டிய டாஸ்க் ஓடுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தே சோதியுங்கள். யூ.பி.எஸ். இல்லாத ஆலைகளில், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும்போது அணைக்காமல் விட்ட கணினிகள் முழுமையாக எழுந்துவரும். வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்த டாஸ்க் அன்றுதான் ஓடும் என்பதால், பட்டியல் எடுக்கவும் பதிவுகளை நகலெடுக்கவும் மின்தடைக்கு மறுநாள் போவது நல்லது.